பெல்லா: ஒரு பெயர், நான்கு ஊர்கள்



மாவீரன் அலெக்சாண்டரை நம் எல்லோருக்கும் தெரியும். அவர் பிறந்த ஊர் எது என்று பேரப்பிள்ளை கேட்டால்? பெல்லா. வடக்கு கிரீஸில், மாசிடோனிய அரசின் தலைநகராக இருந்த ஊர்.

பழைய தலைநகரம் ஐகாய். ஏறத்தாழ கி.மு. 400-இல் ஆர்க்கெலாஸ் மன்னர் அரசவையைப் பெல்லாவுக்கு மாற்றினார். நாடக ஆசிரியர் யூரிப்பிடீஸ் தம் கடைசிக் காலத்தை அவருடைய அவையில்தான் கழித்தார். அலெக்சாண்டர் பிறந்தது கி.மு. 356-இல்.

அடுக்குமாடியில் வாழும் நமக்குப் பெல்லாவில் பிடித்துப்போக நிறைய உண்டு. கட்டம் போட்டதுபோல் நேரான தெருக்கள். தெருவுக்கு அடியில் குடிநீர்க் குழாய்கள், கழிவுநீர் வாய்க்கால்கள். வசதியான வீடுகளின் தரையில் கூழாங்கற்களைப் பதித்து உருவாக்கிய சிங்க வேட்டை, மான் வேட்டைக் காட்சிகள். மான் வேட்டையைச் செய்த கலைஞர் 'க்னோசிஸ்' என்று தன் பெயரையும் பதித்திருக்கிறார்.

கி.மு. 168-இல் ரோமானியர்கள் மாசிடோனியாவை வென்று பெல்லாவைக் கொள்ளையடித்தார்கள். அன்று நீர்வழியாகக் கடலோடு இணைந்திருந்த ஊர் அது. ஆறுகள் கொண்டுவந்த வண்டல் வளைகுடாவைத் தூர்த்துவிட்டதால், இன்று கடல் 20 கிலோமீட்டருக்கும் அப்பால் இருக்கிறது.

ஊர் சிதைந்தது, பெயர் பிழைத்தது. ஜோர்டான் பள்ளத்தாக்கில், கிரேக்கர்கள் வருமுன்பே இருந்த ஒரு பழைய ஊருக்கும் பெல்லா என்று பெயர் வந்தது. கி.பி. 66-இல் ரோமுக்கு எதிராக யூதர்கள் கிளர்ந்தெழுந்தபோது, ஜெருசலேம் கிறிஸ்தவர்கள் அந்த ஊருக்குத் தப்பிச் சென்றதாக நான்காம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர் யூசேபியஸ் எழுதுகிறார்.

அந்த ஒரு செய்திதான் பெயரை இன்னும் தொலைவுக்குக் கொண்டுபோனது. 1814-இல், இன்றைய நமீபியாவில் தாக்குதலுக்கு உள்ளாகித் தப்பிவந்த மிஷனரிகளும் அவர்களைச் சார்ந்த மக்களும் தென்னாப்பிரிக்காவின் வறண்ட வடமேற்கில் குடியேறி, அந்த இடத்துக்குப் பெல்லா என்று பெயரிட்டார்கள். 1847-இல் ஹென்ட்ரிக் ஸ்கோல்ட்டே என்ற டச்சு போதகர் ஏறத்தாழ 800 பேருடன் அமெரிக்காவின் அயோவாவில் ஓர் ஊரை நிறுவினார். அரசுத் திருச்சபையிலிருந்து பிரிந்ததற்காக நெதர்லாந்தில் அபராதமும் சிறையும் கண்டவர் அவர். அந்த ஊரும் பெல்லாதான். இன்றும் மே மாதத்தில் அங்கே துலிப் மலர்த் திருவிழா நடக்கிறது.

கவனித்தீர்களா? இந்த இரு கூட்டத்தாரும் அலெக்சாண்டரின் பெல்லாவை நினைத்துப் பெயர் வைக்கவில்லை. அடைக்கலம் தந்த ஜோர்டான் பெல்லாவைத்தான் நினைத்தார்கள். சிந்து நதிவரை படை நடத்திய அரசனின் ஊர்ப்பெயர், ஓடி வந்தவர்கள் மூச்சுவிட்ட இடத்தின் பெயராக நிலைத்துவிட்டது.

நம்மில் பலரும் சொந்த ஊரை விட்டு இங்கே வந்தவர்கள்தான். உங்கள் ஊரின் பெயரில் வேறெங்காவது ஓர் ஊர் இருக்கிறதா? அதன் கதையை அடுத்த இதழுக்கு எழுதி அனுப்புங்கள்.