பட்டாளத்துப் பள்ளிக்கூடமும் நம் விடுதலையும்

அண்ணல் அம்பேத்கர் 1891 ஏப்ரல் 14ஆம் நாள் மோவ் என்னும் இராணுவக் குடியிருப்பில் பிறந்தார் என்பதை நாம் அனைவரும் அறிவோம். அவர் ஏன் ஒரு பட்டாளத்துப் பாசறையில் பிறந்தார் என்பதை நம்மில் பலர் எண்ணிப் பார்த்ததில்லை. அவருடைய தந்தையார் இராம்ஜி மாலோஜி சக்பால் அங்கே இராணுவப் பள்ளியின் ஆசிரியராக விளங்கினார் என்பதே அதற்கு விடையாகும்.

கிழக்கிந்தியக் கம்பெனியின் பம்பாய்ப் படையில் மகார் மக்கள் பெருந்தொகையினராகச் சேர்ந்தனர். 1818 ஜனவரி முதல் நாள் கோரேகாவ் போரில் வீழ்ந்த மகார் வீரர்களின் பெயர்கள் அங்குள்ள நினைவுத்தூணில் இன்றும் காணப்படுகின்றன. நம் பகுதியிலும் சென்னைப் படையில் பறையர் சமுதாயத்தார் பலர் பணியாற்றினர். ஊர்ப் பள்ளிக்கூடத்தின் கதவு அடைபட்டிருந்த அக்காலத்தில் பட்டாளத்தின் பள்ளிக்கூடம் திறந்திருந்தது. கம்பெனிப் படையில் சிப்பாய்களுக்கும், ஆண் பெண் என்ற பேதமின்றி அவர்தம் குழந்தைகளுக்கும் கல்வி கட்டாயமாக இருந்தது என்று அம்பேத்கரே எழுதியுள்ளார்.

எழுத்தறிவித்தற்கு ஆசிரியர் வேண்டும். ஆதலால் பூனாவில் இராணுவ ஆசிரியர் பயிற்சிப் பள்ளி நடைபெற்றது. இராம்ஜி அங்குப் பயின்று தேர்ச்சி பெற்றார். பதினான்கு ஆண்டுகள் இராணுவப் பள்ளித் தலைமையாசிரியராக இருந்து, சுபேதார் மேஜர் பதவிக்கு உயர்ந்தார். தீண்டத்தகாதவர் எனப்பட்ட ஒருவர் கரும்பலகையின் முன் நின்று பாடம் நடத்த, படை வீரரும் அவர்தம் பிள்ளைகளும் அமர்ந்து கேட்டனர். ஊரில் நினைத்தும் பார்க்க முடியாத காட்சி அது. கபீர் நெறியைப் பின்பற்றிய அவர், வீட்டிலும் பிள்ளைகளுக்கு ஆங்கிலமும் கணிதமும் அறநூல்களும் கற்பித்தார்.

1892ஆம் ஆண்டளவில் மகார்களைப் படையில் சேர்ப்பதை அரசு நிறுத்தியது. வீரமரபினர் என்று சில சாதியாரை மட்டும் கொள்ளும் கொள்கை அப்போது ஓங்கியிருந்தது. இதனால் ஒரு சமுதாயம் சம்பளத்தோடு பள்ளியையும் இழந்தது. இராம்ஜி வாளாவிருக்கவில்லை. நீதிபதி இரானடேயை அணுகி, அவ்வாணையை எதிர்த்து விண்ணப்பம் எழுதச் செய்தார். எனினும் அடைத்த கதவு உடனே திறக்கவில்லை. முதல் உலகப் போரின்போது திறந்து பின் மீண்டும் மூடியது. 1941இல்தான் மகார் படைப்பிரிவு நிலையாக அமைந்தது.

ஆனால் அந்த ஆசிரியரின் வீட்டில் ஏற்றிய விளக்கு அணையவில்லை. மகன் 1928இல் பம்பாய் அரசு சட்டக் கல்லூரியில் பேராசிரியரானார். 1935இல் அதே கல்லூரியின் முதல்வரானார். படைவீரர்க்கு எழுத்தறிவித்தவரின் மகன் சட்டம் போதித்தார். பின்னர் நாட்டுக்கே சட்டம் வகுத்தார்.

இளைஞர்களே! இராணுவம் என்றால் துப்பாக்கி ஏந்தும் வேலை மட்டுமே என்று எண்ணிவிடாதீர்கள். கடக்வாஸ்லாவில் உள்ள தேசியப் பாதுகாப்பு அகாடமியில் வருங்கால அதிகாரிகளுக்குப் பாடம் சொல்லும் பேராசிரியர்களில் சீருடை அணியாதவர்களும் உள்ளனர். மத்திய அரசுப் பணியாளர் தேர்வாணையம் அத்தகையோரைத் தேர்ந்தெடுக்கிறது. சட்டம் பயின்ற பட்டதாரிகள், ஆணும் பெண்ணும், இராணுவத்தின் சட்டப் பிரிவில் அதிகாரிகளாகச் சேரலாம். காம்ப்டியில் உள்ள இராணுவச் சட்டக் கழகத்தில் அச்சட்டம் கற்பிக்கப்படுகிறது. முதுகலைப் பட்டமும் சட்டப் பட்டமுமே இந்த வாயில்களின் திறவுகோல்கள்.

சிப்பாயாக நம்மை ஏற்பதற்கும் இந்நாடு தயங்கியதுண்டு. ஆசிரியராக ஏற்பதற்கோ மேலும் தயங்கியது. ஒருவர் சிப்பாயானால் ஒரு குடும்பம் உண்ணும். ஒருவர் ஆசிரியரானால் ஒரு தலைமுறை நிமிரும். இராம்ஜியின் வாழ்வு இதற்குச் சான்று. இருபத்தைந்து ஆண்டுகளாக நம் கல்விச் சங்கம் ஆற்றிவரும் பணியின் பொருளும் இதுவேயாகும். இதனைப் படிக்கும் உங்களுள் ஒருவர் அந்த அகாடமியின் வகுப்பறையில் கரும்பலகையின் முன் நிற்பாராயின், இவ்வெள்ளி விழா உண்மையிலேயே நிறைவு பெற்றதாகும்.