மூட்டைமேல் எழுதிய பெயர்

மரக்காணம் உப்பளத்தில் சித்திரை வெயிலில் பெண்கள் உப்பு சுமந்துகொண்டிருந்தார்கள். வரப்போரம் அடுக்கிய மூட்டைகளில் முதலாளியின் பெயர் இருந்தது. சிறுபாணாற்றுப்படை சொல்லும் எயிற்பட்டினம் இந்த ஊர்தான் என்பார்கள். அந்நூலில் நல்லியக்கோடனுக்குப் பெயர் உண்டு. கள் அரித்த நுளைமகளுக்கு இல்லை. பல ஆண்டுகள் வகுப்பில் நடத்தியும் எனக்கு இது உறைக்கவில்லை. உறைக்க வைத்தது ஓர் ஆங்கிலேயரின் இசை.

ஜான் ஃபௌல்ட்ஸ் 1880-இல் மான்செஸ்டரில் பிறந்தவர். பெரிய ஆர்கெஸ்ட்ராவுக்காக அவர் எழுதியது ‘மூன்று மந்திரங்கள்’. இரண்டாம் மந்திரத்தில் சொற்களே இல்லாமல் பெண்குரல்கள் எழுகின்றன. மூன்றாவதில் நம் மேளகர்த்தா முறையின் தடம் தெரிகிறது.

அது அவரிடம் எப்படிப் போய்ச் சேர்ந்தது? மாட் மெக்கார்த்தி என்ற பெண் வழியாக. அயர்லாந்தில் பிறந்து, சிறுமியாகவே வயலினுடன் மேடையேறியவர். நரம்பு நோயால் வாசிப்பைக் கைவிட்டவர். அன்னி பெசன்ட்டுடன் இந்தியா வந்து நம் இசையைக் கற்றார். பெசன்ட்டின் அடையாறு, மரக்காணத்துக்கு வடக்கே இதே கடற்கரையில்தான் இருக்கிறது. 1912-இல் லண்டனில் இசை அறிஞர்கள் முன் இந்திய இசை பற்றிக் கட்டுரை படித்தார் மாட். ஃபௌல்ட்ஸை அவர் சந்தித்தது அதற்குப் பிறகு, 1915-இல்.

முதல் உலகப்போரில் இறந்தவர்களுக்காக ஃபௌல்ட்ஸ் அமைத்த ‘உலக இரங்கலிசை’ 1923 முதல் 1926 வரை ஆண்டுதோறும் லண்டனில் ஒலித்தது. விவிலியத்தோடு கபீரையும் சேர்த்து அதன் வரிகளைத் தொகுத்தவர் மாட். 1935-இல் இருவரும் இந்தியா வந்தார்கள். டெல்லி வானொலியில் ஐரோப்பிய இசைக்குப் பொறுப்பேற்ற ஃபௌல்ட்ஸ், நம் வாத்தியக்காரர்களைக் கொண்டும் குழு அமைத்தார். 1939-இல் கல்கத்தாவில் காலராவில் இறந்தார். மாட் பின்னர் துறவியாகி 1967 வரை வாழ்ந்தார்.

ஃபௌல்ட்ஸ் திருடரல்லர், அந்த இசையை அமைத்த உழைப்பு அவருடையதே. ஆனால் மாட் பல ஆண்டுகள் கற்றதும், கற்பித்ததும், தொகுத்ததும் ‘மனைவி தந்த தூண்டுதல்’ என்ற ஒரே சொல்லில் அடங்கிவிடுகின்றன. ஆணின் கல்வியைப் புலமை என்கிறோம். பெண்ணின் கல்வியைத் தூண்டுதல் என்கிறோம். மாட் கட்டுரையாவது எழுதிவைத்தார். எழுதாத பெண்களின் உழைப்புக்கு அந்தத் தூண்டுதல் என்ற சொல்கூட வாய்ப்பதில்லை.

உப்பு வாரிக்கொண்டிருந்த ஓர் அக்காவிடம் பெயர் கேட்டேன். நிமிர்ந்து பார்த்துக் கேட்டார்: “எதுக்கும்மா, கணக்குல ஏத்தவா?”