கலாவரை: ஒரு சீட்டின் ஒல்லாந்துப் பெயர்

யாழ்ப்பாணத்தில் முந்நூற்றிநாலு என்ற சீட்டாட்டம் விளையாடும் இடத்தில் காது கொடுத்தால் சில சொற்கள் திரும்பத் திரும்ப விழும். கலாவரை, ஸ்கோப்பன், ஆட்டின், துரும்பு. விளையாடுகிறவர்கள் இவற்றை வேற்று மொழியென்று நினைப்பதில்லை. "கலாவரை இறக்கு" என்பது அவர்களுக்குப் பச்சைத் தமிழ்.

மூவிலைச் சீட்டை ஆங்கிலேயர் 'கிளப்ஸ்' என்றார்கள், போர்த்துக்கேயர் 'பாவுஸ்' என்றார்கள். இரண்டிலிருந்தும் 'கலாவரை' பிறக்காது. ஒல்லாந்தர் அதற்கு இட்ட பெயர் 'கிளாவர்'. மூன்று இலைகொண்ட ஒரு புல்பூண்டின் பெயர் அது; சீட்டில் இருப்பதும் அந்த இலைதான். சொல்லின் தொடக்கத்தில் 'க்ல' என்று மெய்கள் ஒட்டி நிற்பது நம் நாவுக்கு ஒவ்வாது. நடுவே ஓர் உயிரைச் செருகி, 'கலா' என்று தொடங்கி, ஈற்றில் ஐகாரம் கொடுத்துக் கலாவரை ஆக்கிக்கொண்டோம். சிங்களத்தில் அதே சொல் 'கலாபர'. தமிழ்நாட்டில் அவ்வளவு மாறாமல் 'கிளாவர்' என்றே நின்றுவிட்டது.

மற்ற இனங்களும் இதற்குச் சாட்சி. ஆங்கிலேயர் 'ஸ்பேட்ஸ்' என்ற சீட்டின் பெயரான 'ஸ்கோப்பன்' ஒல்லாந்து மொழியில் மண்வெட்டிகள் என்று பொருள்படும். இந்தோனேசியாவிலும் ஒல்லாந்தர் ஆண்டார்கள். அங்கே அந்தச் சீட்டு இன்றும் 'செகோப்'. ஒல்லாந்தில் இதயச் சீட்டு 'ஹார்டன்'. ஹகரம் உதிர்ந்து, ரகரமும் டகரமும் இரட்டை டகரமாகி ஆட்டின் ஆயிற்று. ஈற்றிலுள்ள னகரம் முக்கியமானது. ஆங்கில 'ஹார்ட்ஸ்' வந்திருந்தால் அங்கே ஸகரமோ டகரமோ நின்றிருக்கும். நான்காவது இனமான 'ரௌதன்' சிங்களத்தில் 'ருவித' ஆனது. யாழ்ப்பாணத்திலோ இன்று 'டயமன்' என்ற ஆங்கிலப் பெயர்தான் வாய்க்கு முந்துகிறது.

ஒல்லாந்தர் 1658இல் போர்த்துக்கேயரிடமிருந்து யாழ்ப்பாணக் கோட்டையைப் பிடித்து, 1795இல் ஆங்கிலேயரிடம் விட்டுச்சென்றார்கள். அந்த 137 ஆண்டுகளில் கந்தோர், நொத்தாரிசு, கக்கூசு என்று பல சொற்கள் நம்மிடம் தங்கின. கந்தோரும் நொத்தாரிசும் ஆட்சி கொண்டுவந்தவை. சீட்டுப் பெயர்களை எந்தச் சட்டமும் திணிக்கவில்லை. பக்கத்தில் இருந்து ஆடிப் பழகினால்தான் அவை ஒட்டும்.

துரும்பின் கதை சற்றுச் சிக்கலானது. வெட்டும் இனத்துக்கு ஒல்லாந்தில் 'த்ரூஃப்', போர்த்துக்கேயத்தில் 'த்ரூன்ஃபு', ஆங்கிலத்தில் 'ட்ரம்ப்'. மூன்றும் இத்தாலியில் 15ஆம் நூற்றாண்டில் ஆடிய 'திரியோன்ஃபி' என்ற வெற்றிச் சீட்டுகளின் வழி வந்தவை. மெல்லெழுத்துள்ள நம் 'துரும்பு' போர்த்துக்கேயத்துக்கோ ஆங்கிலத்துக்கோ நெருக்கம். மெல்லெழுத்தில்லாத 'துருப்பு' ஒல்லாந்துக்கு நெருக்கம். பத்திரிகைகள் எழுதும் 'துருப்புச்சீட்டு' இந்தப் பின்னதைச் சேர்ந்தது. அதைப் படைவீரரோடு முடிச்சுப் போடத் தேவையில்லை. படையைக் குறிக்கும் 'துருப்பு' ஆங்கில 'ட்ரூப்' வழி வந்த வேறு சொல்.

பெயர் ஒல்லாந்து என்பதால் ஆட்டமும் ஒல்லாந்து ஆகிவிடுமா? ஆகாது. தமிழ்நாட்டில் கிளாவர், ஆட்டின் என்று சொல்லிக்கொண்டே ரம்மி ஆடுகிறார்கள். ஆட்டத்தின் உறவை அதன் கணக்கில்தான் தேட வேண்டும்.

முந்நூற்றிநாலுக்கு ஏழு முதல் ஆசு வரை 32 சீட்டுகள். ஜாக் 30, ஒன்பது 20, ஆசு 11, பத்து 10, இராசா 3, இராணி 2. எட்டுக்கும் ஏழுக்கும் ஒன்றுமில்லை. ஓரினத்துக்கு 76, நான்கினத்துக்கு 304. ஆசையும் இராசாவையும் தாண்டி ஜாக்கும் ஒன்பதும் உச்சத்தில் நிற்பது உலகச் சீட்டாட்டங்களில் எல்லாம் காணும் வழக்கமல்ல. ஐரோப்பாவில் 'யாஸ்' குடும்பத்தின் அடையாளம் அது. அக்குடும்பத்தில் நெதர்லாந்தின் பேர்பெற்ற ஆட்டம் 'கிளாவர்யாஸ்'. நம் கலாவரை அதன் பெயரிலேயே இருக்கிறது. துரும்பு ஜாக்குக்கு அங்கே பெயர் 'யாஸ்', துரும்பு ஒன்பதுக்கு 'நெல்'. யாஸ் 20, நெல் 14. ஆசும் பத்தும் நம்மைப் போலவே 11, 10. அங்கும் 32 சீட்டு, எதிரெதிரே இரண்டு சோடி, ஆளுக்கு எட்டு.

இந்தப் பக்கம் வந்த ஆட்டம் முக்கியமாக இரண்டு இடத்தில் மாறிக்கொண்டது. ஜாக்கும் ஒன்பதும் இங்கே எல்லா இனத்திலும் பெரியவர்கள். துரும்பு அங்கே வெளிப்படை. இங்கே ஏலம்போலக் கேள்வி கேட்டு வென்றவர் ஒரு சீட்டைக் கவிழ்த்து வைப்பார், இனம் அவருக்கு மட்டுமே தெரியும். கலாவரை ஆசு இறங்குகிறது, உங்களிடம் கலாவரை இல்லை என்றால் ஒரு சீட்டைக் கவிழ்த்துப் போடுகிறீர்கள். சுற்று முடிந்ததும் கேட்டவர் அதை எடுத்துப் பார்ப்பார். துரும்பாக இருந்தால் வெட்டு, இரகசியமும் அம்பலம். இல்லையென்றால் சீட்டு கவிழ்ந்தபடியே போய்விடும். என்ன போட்டீர்கள் என்பது உங்களுக்கும் அவருக்கும்தான் தெரியும்.

ஆகவே நெதர்லாந்தில் குடியேறிய யாழ்ப்பாணத்தார் கிளாவர்யாஸ் பழகப்போனால் பாதி ஆட்டம் தெரிந்தவராகவே உட்காரலாம். புதிதாகப் படிக்க வேண்டியவை சில. ஒரே இனத்தில் மூன்று சீட்டு வரிசையாக ஒரு சுற்றில் விழுந்தால் 20, நான்கு விழுந்தால் 50 கூடுதல். கூட்டாளி வென்றுகொண்டிருக்கும் சுற்றில் வெட்டாமல் விட ஆம்ஸ்டர்டாம் முறை இடம் கொடுக்கும். றொட்டர்டாம் முறை கொடுக்காது. மறக்க வேண்டியது ஒன்றுதான், அதுதான் கடினம். துரும்பில்லாத ஜாக்குக்கு அங்கே வெறும் 2 புள்ளி, பத்துக்கும் கீழே, இராணிக்கும் கீழே. கையில் கலாவரை ஜாக் வந்ததும் ஊர்ப் பழக்கத்தில் அதை உச்சச் சீட்டென்று நம்பி ஆடிவிட்டால், எதிர்ச்சோடிக்கு அன்று கொண்டாட்டம்.