மருந்து அடித்தவருக்கு வேர்த்துக் கொட்டுகிறதா? வெயில் மயக்கம்னு விட்டுடாதீங்க!

போடிநாயக்கனூரில் தினமும் காலையில் கிளம்பும் ஜீப்புகள், போடிமெட்டு மலைப்பாதையின் 17 கொண்டை ஊசி வளைவுகளைத் தாண்டி இடுக்கி ஏலத்தோட்டங்களுக்குத் தொழிலாளர்களைக் கொண்டு போகின்றன. அங்கே இலைப்பேன், தண்டுத்துளைப்பானுக்கு அடிக்கும் பூச்சிக்கொல்லிகளுக்குத் தோட்டத்துப் பெயர் 'மருந்து'. அந்த மருந்து உடம்பில் ஏறினால் என்ன செய்ய வேண்டும்?

குடித்தால்தான் விஷமா?

இல்லை. ஆர்கனோபாஸ்பேட் வகை பூச்சிக்கொல்லிகள் தோல் வழியாகவும், மூச்சு வழியாகவும் ஏறும். நனைந்த சட்டையோடு ஜீப்பில் உட்கார்ந்து வந்தால், வழி நெடுக விஷம் ஏறிக்கொண்டே இருக்கும். தோல் வழியாகப் போனால் அறிகுறி தெரிய பல மணி நேரம்கூட ஆகலாம். வீட்டுக்கு வந்த பிறகும் மயக்கம் வரலாம்.

எப்படிக் கண்டுபிடிப்பது?

* கண்ணின் கருமணி ஊசிமுனை போல் சுருங்கும்
* வாயில் எச்சில், கண்ணில் நீர், உடம்பெல்லாம் வியர்வை
* வாந்தி, வயிற்றுப்போக்கு, தன்னை அறியாமல் சிறுநீர்
* தசை துடிப்பு, மூச்சுத்திணறல், வலிப்பு

வெயில் மயக்கத்தில் கருமணி இப்படிச் சுருங்காது, எச்சிலும் ஒழுகாது.

உடனே என்ன செய்யலாம்?

* 108-க்கு போன் செய்யுங்கள். வண்டி வர நேரமாகும் என்றால் இருக்கிற ஜீப்பிலேயே, பக்கத்தில் உள்ள மருத்துவமனைக்குக் கிளம்புங்கள்
* சட்டை, லுங்கியைக் கழற்றி, தோலையும் முடியையும் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். உதவி செய்பவர் கையுறை போடணும்
* கண்ணில் பட்டிருந்தால் 15 நிமிடம் தண்ணீர் ஊற்றுங்கள்
* மயங்கியிருந்தால் இடது பக்கம் ஒருக்களித்துப் படுக்க வையுங்கள்
* மருந்து பாட்டிலை லேபிளோடு எடுத்துப் போங்கள்

எதைச் செய்யக் கூடாது?

சாணிக் கரைசல், உப்புத்தண்ணி, சோப்புத்தண்ணி கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். வாந்தி நுரையீரலுக்குள் போனால் அதுவே உயிரைப் பறிக்கும்.

மருத்துவமனையில் என்ன சிகிச்சை?

நரம்புக்கும் தசைக்கும் இடையே வேலை முடிந்த செய்தியை அழிக்கும் நொதி ஒன்று உண்டு. விஷம் அதை முடக்கிவிடுவதால் சுரப்பிகள் ஓயாமல் சுரக்கும். நுரையீரலில் நீர் கோத்து மூச்சு நிற்கும். இதற்கு முக்கிய மாற்று மருந்து அட்ரோபின் ஊசி. நுரையீரல் காயும் வரை, சில நிமிடங்களுக்கு ஒருமுறை அளவைக் கூட்டிப் போடுவார்கள். பிராலிடாக்சிம் ஊசியும், ஆக்சிஜனும் தரப்படலாம். போடியில் முதலுதவி முடிந்து, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அனுப்பினால் தயங்காமல் போங்கள்.

'நல்லாயிட்டாரே, கூட்டிட்டுப் போகலாமா?'

கூடாது. தெளிந்து பேசியவருக்கும் 1 முதல் 4 நாளுக்குள் கழுத்துத் தசையும், மூச்சுத் தசையும் திடீரெனத் தளரலாம். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியவில்லை என்றால் அதுதான் முதல் எச்சரிக்கை, வென்டிலேட்டர் தேவைப்படலாம். டாக்டர் சொல்லும் வரை வார்டிலேயே இருங்கள்.

விஷம் பற்றிய ஆலோசனைக்கு டெல்லி எய்ம்ஸ் விஷ முறிவுத் தகவல் மையம்: 1800 116 117. மனம் உடைந்து தவறான முடிவு எடுக்கத் தோன்றினால் 104 அல்லது 14416-ஐ அழையுங்கள்.