காஞ்சிபுரம் கைலாசநாதர் கோயில்

காஞ்சிபுரத்தின் மேற்கு எல்லையில் கிழக்கு நோக்கி அமைந்த சிவன் கோயில். இரண்டாம் நரசிம்மவர்மன் என்னும் இராசசிம்மப் பல்லவன் 8ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் கட்டியது. அவன் பெயரால் இராசசிம்மேச்சுரம் எனப்பட்டது. குடைவரைகளில் தொடங்கிய பல்லவர் கட்டடக்கலை, கல்லடுக்கிக் கட்டும் கற்றளியாக முழு வளர்ச்சி பெற்றதை இங்கே காணலாம்.

அடித்தளம் கருங்கல், மேற்பகுதி மணற்கல். நுண்ணிய செதுக்கலுக்கு இடம் கொடுத்த அந்த மணற்கல்லே காற்றுக்கும் மழைக்கும் ஈடுகொடுக்காமல் அரிக்கப்பட்டது. பிற்காலத்தில் பூசிய சுதையால் பல சிற்பங்கள் தம் முதல் வடிவை இழந்து நிற்பது வருத்தத்துக்குரியது. விமானத்தின் மூலைகளிலும் பக்கங்களிலும் சிறு சன்னதிகள் ஒட்டியுள்ளன. கருவறையில் பதினாறு பட்டை இலிங்கமும் பின்சுவரில் உமையும் கந்தனும் உடனிருக்கும் சிவனாகிய சோமாஸ்கந்தரின் புடைப்புச் சிற்பமும் உள்ளன. கருவறையைச் சுற்றிவரும் வழி மிகக் குறுகலானது. தவழ்ந்தே நுழைந்து தவழ்ந்தே வெளியேற வேண்டும். மறுபிறவி இல்லை என்பது இதைச் சுற்றி வருவோரின் நம்பிக்கை.

திருச்சுற்று மதிலை ஒட்டி 58 சிற்றாலயங்கள் வரிசையாக உள்ளன. அவற்றில் இராசசிம்மனின் இருநூற்றுக்கும் மேற்பட்ட விருதுப் பெயர்கள் பொறிக்கப்பட்டுள்ளன. தன்னைப் பற்றி இவ்வளவு எழுதிவைத்த அரசர் குறைவு. முகப்பிலுள்ள மகேந்திரவர்மேச்சுரம் அவன் மகன் மூன்றாம் மகேந்திரவர்மன் எழுப்பியது. வெளியே உள்ள சிறு கோயில்களுள் ஒன்று இராசசிம்மனின் அரசி ரங்கபதாகை கட்டியது.

8ஆம் நூற்றாண்டின் முற்பாதியில் காஞ்சியைக் கைப்பற்றிய சாளுக்கிய மன்னன் இரண்டாம் விக்கிரமாதித்தன், கோயிலின் செல்வத்தைக் கண்டு கவராமல் இறைவனுக்கே திருப்பியளித்தான். மண்டபத் தூணிலுள்ள கன்னடக் கல்வெட்டு இதைச் சொல்கிறது. அவன் அரசி லோகமகாதேவி பட்டடக்கல்லில் கட்டிய விருபாட்சர் கோயிலில் இக்கோயிலின் சாயல் தெரிகிறது. முதலாம் இராசராச சோழன் இதனைக் கச்சிப்பேட்டுப் பெரிய திருக்கற்றளி என்று குறித்தான்.

சோழர் ஆட்சியிலேயே சரிவும் வந்தது. குலோத்துங்கன் காலத்தில் கோயில் மூடப்பட்டு, நிலங்கள் விற்கப்பட்டு, வளாகம் அருகிலிருந்த அனேகதங்காவதம் கோயிலுக்கு மாற்றப்பட்டதாக விசயநகர இளவரசன் கம்பண உடையார் காலக் கல்வெட்டு கூறுகிறது. 14ஆம் நூற்றாண்டில் விசயநகர ஆட்சி அவற்றை மீட்டுக் கொடுத்தது. தனித்தனியே நின்ற விமானத்தையும் மண்டபத்தையும் இணைக்கும் இடைமண்டபம் பிற்காலச் சேர்க்கை. அதனால் பழைய தோற்றம் ஓரளவு மறைந்துவிட்டது.

சிற்றாலயங்களின் உட்சுவர்களில் இருந்த பல்லவர் ஓவியங்களைப் பிரெஞ்சு அறிஞர் ழுவோ துப்ரேல் 1931இல் வெளிக்கொணர்ந்தார். சோமாஸ்கந்தர் ஓவியத்தின் எஞ்சிய பகுதி இன்றும் காணக்கூடியது. இந்தியத் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் உள்ள இக்கோயிலில் வழிபாடு தொடர்கிறது. மகா சிவராத்திரியன்று பக்தர்கள் பெருந்திரளாக வருகின்றனர்.