லெக்கோ அடுப்பின் கணக்கு

1930களின் நடுவில் நெய்வேலியில் ஜம்புலிங்க முதலியார் தம் நிலத்தில் கிணறு தோண்டியபோது தண்ணீரோடு கறுப்பாக ஏதோ வந்தது. பழுப்பு நிலக்கரி. 1956-இல் அரசு நிறுவனம், 1961-இல் முதல் கரி, மறு ஆண்டே சோவியத் உதவியோடு மின்சாரம். இதெல்லாம் பள்ளிப் பாடத்தில் படித்ததுதான். பாடத்தில் வராதது லெக்கோ.

நிலக்கரியைக் கட்டியாக அழுத்திச் சுட்டெடுத்து, விறகுக்கு மாற்றாக நெய்வேலியில் இருந்து வந்த கரி அது. சிதம்பரத்தில் எங்கள் வீட்டுச் சமையல் அதில்தான். குமுட்டி அடுப்பின் அடியில் வறட்டித் துண்டும் கொட்டாங்கச்சியும் போட்டு, மண்ணெண்ணெய் தெளித்து மூட்டுவாள் அம்மா. புகை அடங்கும்வரை அடுப்புக்கு வாசல்தான் இடம். கனன்றுவிட்டால் சோறு, குழம்பு எல்லாம் முடிந்த பிறகும் வெந்நீர் போடத் தணல் மிச்சமிருக்கும். விறகுக்கடைக்காரன் ஈர விறகை எடைபோட்டுத் தள்ளிவிடுவான். லெக்கோவில் அந்தத் தில்லுமுல்லு இல்லை. விலை, புகை, பாத்திரத்தில் ஏறும் கரி: அம்மா ஒப்பிட்டுப் பார்த்தது இவ்வளவுதான். வேறு கணக்கை எந்தக் கடைக்காரன் சொன்னான்?

அந்தக் கணக்கு மண்ணுக்கடியில் இருந்தது. கரிப்படுகைக்குக் கீழே பெரும் அழுத்தத்தில் தண்ணீர் அடைபட்டுக் கிடக்கிறது. அந்தப் பக்கத்தில் குழாய் இறக்கினால் மோட்டார் இல்லாமலே நீர் பொங்கிய இடங்கள் உண்டு. அதை இறைத்து அழுத்தத்தைக் குறைக்காவிட்டால் சுரங்கத்தின் அடித்தரையே பிளந்துகொள்ளும். அதனால் இராப்பகலாக இறைக்கிறார்கள். இறைத்த நீர் வாலாஜா ஏரிக்குப் போய் வயலுக்குப் பாய்கிறது, அதையும் சொல்லத்தான் வேண்டும். ஆனால் தானாகப் பொங்கிய நீர் அடங்கிய ஊர்களில் மோட்டார் வைக்க வேண்டியதாயிற்று. 1984-இல் சிறு விவசாயிகளுக்கும் 1990-இல் எல்லா விவசாயிகளுக்கும் பம்புசெட் மின்சாரம் இலவசமானது. பெரும்பாலான பம்புசெட்டுக்கு மீட்டரும் கிடையாது. தண்ணீரைக் கீழே இறக்கிவிட்டு எடுத்த கரியின் மின்சாரம், ஆழத்துக்குப் போன அதே தண்ணீரை இழுக்கப் போயிற்று.

சோற்றிலும் இந்தக் கரி கலந்திருக்கிறது. 1960களில் நெய்வேலியிலேயே யூரியாத் தொழிற்சாலை வந்தது, கரியிலிருந்தே உரம். குட்டை ரக நெல்லுக்கு அது மூட்டை மூட்டையாகத் தேவைப்பட்ட காலம்.

நுகர்வோர் பொறுப்பு பற்றி மேடையில் பேசுவோரிடம் எனக்குக் கொஞ்சம் எரிச்சல் உண்டு. லெக்கோ பிடிக்காதவர்களால் விறகுக்குத் திரும்ப முடிந்தது. சுவிட்சைத் தட்டினால் வருவது சுரங்கத்து மின்சாரமா காற்றாலை மின்சாரமா என்று யார் பிரித்து வாங்குவது? 2016 முதல் வீடுகளுக்கு இரண்டு மாதத்துக்கு 100 யூனிட் இலவசம் வேறு. விலையே இல்லாத இடத்தில் எதைப் பார்த்து யோசிப்பது?

2023 ஜூலையில் சேத்தியாத்தோப்பு அருகே வளையமாதேவியில், சுரங்க விரிவாக்கத்துக்கான கால்வாய் வெட்ட, வயலில் வளர்ந்து நின்ற நெல்லில் பொக்லைன் இறங்கியது. நிலம் முன்பே கையகப்படுத்தியதுதான் என்றது நிறுவனம். ஏக்கருக்கு 40,000 ரூபாய் தரச் சொன்னது சென்னை உயர் நீதிமன்றம். அந்தத் தொகை நெற்பயிருக்கு மட்டும்.