கஞ்சாதான் முதல் படியா?

ஊருக்குப் போன் போட்டால் விலைவாசிக்கு அடுத்தபடி வருகிற பேச்சு இதுதான். அமரவிளை செக்போஸ்ட்டில் பஸ்ஸில் கஞ்சா பிடித்தார்கள், இன்னொரு நாள் எம்டிஎம்ஏ. கூடவே ஒரு தீர்ப்பும் வரும்: "கஞ்சாவுல தொடங்கினா மத்ததுல போய்த்தான் நிக்கும்." நெய்யாற்றின்கரை, பாறசாலைப் பக்கத்துப் பெற்றோருக்கும், இங்கே பிள்ளைகளை வளர்க்கும் நமக்கும் ஒரே பயம். சரி, இந்தத் தீர்ப்பை முதலில் சொன்னது யார்?

1893-ல் பிரிட்டிஷ் அரசு கஞ்சாவைப் பற்றி விசாரிக்க ஒரு கமிஷன் அமைத்தது. 1,193 சாட்சிகளை விசாரித்தார்கள். அன்றைய பயம் வேறு: கஞ்சா பைத்தியமாக்கும் என்பது. மனநோய் விடுதிகளின் பதிவேடுகளைத் துருவிப் பார்த்தால், 'காரணம்' என்ற கட்டத்தில் சரியாக விசாரிக்காமலே 'கஞ்சா' என்று எழுதியிருந்தது பல இடங்களில் தெரிந்தது. அளவோடு எடுத்தால் பெரிய கேடில்லை, மிதமிஞ்சினால் கேடு என்று கமிஷன் முடித்தது.

'அடுத்த போதைக்கு வாசல்' என்ற பேச்சு பலமாகக் கிளம்பியது அமெரிக்காவில். அங்கே போதைப்பொருள் துறைத் தலைவராக இருந்த ஹாரி ஆன்ஸ்லிங்கரிடம் 1937-ல், கஞ்சாக்காரர் ஹெராயினுக்குப் போகிறாரா என்று கேட்டார்கள். இல்லை என்றார். 1951-ல் அதே மனிதர் ஆமாம், போகிறார் என்றார். சட்டமும் கடுமையானது.

1975-ல் டெனிஸ் காண்டெல் என்ற ஆய்வாளர் மாணவர்களிடம் வரிசையைக் கணக்கெடுத்தார். முதலில் பீர், ஒயின். பிறகு சிகரெட் அல்லது சாராய வகைகள். அதற்கப்புறம்தான் கஞ்சா. வரிசைதான் காரணம் என்றால் முதல் படி பீர் அல்லவா?

பேங்க்காரன் கண்ணுக்கு இது சுலபமாகப் புரியும். கடன் கட்டாமல் போனவர்களில் அநேகமாக எல்லோரும் முதலில் சேமிப்புக் கணக்கு தொடங்கியவர்கள்தான். அதற்காக சேமிப்புக் கணக்கு கடனைக் கெடுக்கிறது என்று யாராவது அறிக்கை எழுதுவோமா? அமெரிக்காவின் மருத்துவக் கழகமும் 1999-ல் இதையேதான் சொன்னது: கஞ்சாவின் மருந்துக்குணம் வேறு போதைக்குத் தள்ளுகிறது என்பதற்கு முடிவான சான்று இல்லை.

அப்படியானால் வாசல் எங்கே? நம் எல்லையையே பாருங்கள். 1956 நவம்பர் 1-ல் விளவங்கோடு மதராஸ் மாநிலத்துக்கு வந்தது, நெய்யாற்றின்கரை கேரளத்திலேயே நின்றது. கேரளம் 1967-ல் மதுவிலக்கை எடுத்தது, தமிழ்நாடு 1971-ல்தான் தளர்த்தியது. இடையில் நாலு வருஷம் பாறசாலையில் கள்ளு குடித்தால் அது வியாபாரம், களியக்காவிளையில் குடித்தால் குற்றம். கள்ளு மாறவில்லை, விற்பவன்தான் மாறினான்: ஒரு பக்கம் கடைக்காரன், மறுபக்கம் சட்டத்துக்கு மறைந்து விற்பவன்.

கஞ்சா விஷயத்தில் 1985-ன் போதைப்பொருள் சட்டம் எல்லைக்கு இரண்டு பக்கமும் ஒன்றுதான். வாங்க வேண்டுமானால் மறைந்து விற்பவனிடம்தான் போக வேண்டும். பொட்டலம் கொடுக்கும் கையிடம் நாளைக்கு எம்டிஎம்ஏயும் இருக்கலாம், அதில் லாபமும் அதிகம். நெதர்லாந்து 1976-ல் கஞ்சாவுக்குத் தனி இடம் கொடுத்தது இந்தக் கையைப் பிரிக்கத்தான்.

இதனால் கஞ்சா நல்லது என்று நான் சொல்லவில்லை. சிறு வயதில் அடிக்கடி புகைத்தால் மனச்சிதைவு வரும் ஆபத்து கூடுகிறது, படிப்பு போகிறது. அந்தக் காரணங்களே போதும். பொய்க்காரணம் சொன்னால், ஒரு தடவை இழுத்தும் ஒன்றும் ஆகாத பையன் நாம் சொல்லும் மற்றதையும் நம்ப மாட்டான். எம்டிஎம்ஏ பற்றி நாம் சொல்வது முழு உண்மை. அதை அவன் நம்ப வேண்டிய நாளில் நம் வார்த்தைக்கு மதிப்பு இருக்க வேண்டும்.

பிள்ளையிடம் என்ன புகைத்தாய் என்று கேட்பதோடு, யாரிடம் வாங்கினாய் என்றும் கேளுங்கள். வாசல் அங்கேதான் இருக்கிறது.